கேடயம் ஏந்தியவனும் தூரிகை ஏந்தியோரும்

பிள்ளைகளின் கையில் படக்கதை நூலைக் கண்டவுடன் முகம் சுளிக்கும் பெற்றோர் இன்றும் நம் பங்குகளில் இருக்கின்றனர். மணிக்கணக்காக அலைபேசியைத் தடவிக்கொண்டிருப்பதைக் கண்டு சுளிக்காத முகம் இதற்கு ஏன் சுளிக்கிறது என்பது தனி விசாரணை. இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட பொருள் படக்கதை வீரர்கள். அவர்களுள்ளும் நாட்டைக் காப்பவர்களாகக் காட்டப்படும் வீரர்கள். அவ்வீரர்களைப் படைத்தவர்கள் யார், எவ்வாறு வாழ்ந்தனர், தங்கள் உழைப்புக்கு என்ன பெற்றனர் என்பதை நம் பிள்ளைகளுக்கு ஒருவரும் சொல்வதில்லை. சொன்னால் அவர்கள் விரும்பிக் கேட்பார்கள் என்பது என் எண்ணம்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராசபாளையத்திலும் வாழ்கிற நமக்கு இது தொலைதூரச் செய்தியன்று. ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் சிவகாசி இருக்கிறது. தமிழில் படக்கதை என்றால் முதலில் நினைவுக்கு வரும் ஊர் அதுவே. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த வரலாறு நம் வட்டாரத்தில் அனைவரும் அறிந்ததே. தீப்பெட்டி செய்தால் அதன்மேல் ஒட்ட லேபிள் வேண்டும்; லேபிளுக்கு வண்ண அச்சு வேண்டும். இவ்வாறு வளர்ந்த அச்சகங்கள் பின்னர் நாட்காட்டிகளையும் பாடநூல்களையும் நாட்டுக்கே அச்சிட்டுக் கொடுத்தன. படக்கதை நூல்களும் அவ்வழியில் வந்தவையே.

1972 ஜனவரியில் திரு. சௌந்தரபாண்டியன் அவர்கள் சிவகாசியில் 'முத்து காமிக்ஸ்' என்னும் நூல் வரிசையைத் தொடங்கினார். முல்லை தங்கராசன் அவர்கள் ஆசிரியராக அமைந்தார். முதல் நூலின் பெயர் 'இரும்புக்கை மாயாவி'. இன்று 55 வயதைக் கடந்த ஆடவர் எவரிடமேனும் இப்பெயரைச் சொல்லிப் பாருங்கள். முகம் மலர்வதைக் காண்பீர்கள். 'பாம்புத் தீவு', 'நாச அலைகள்', 'உறைபனி மர்மம்' என்று மாயாவியின் கதைகள் அடுத்தடுத்து வந்தன. பின்னர், 1984 ஜூலையில், சௌந்தரபாண்டியனாரின் மகன் திரு. விஜயன் 'லயன் காமிக்ஸ்' என்னும் மற்றொரு வரிசையைத் தொடங்கினார். முத்து காமிக்ஸ் 2022-இல் 50 ஆண்டுகளை நிறைவு செய்தது. தமிழில் ஒரு சிறுவர் வெளியீடு அத்தனை ஆண்டு நிலைப்பது எளிய செயலன்று.

மாயாவியின் கதையை அறியாத இளைய வாசகருக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆய்வுக்கூட விபத்தில் லூயிஸ் கிராண்டேல் என்பவன் வலக்கையை இழக்கிறான். எஃகினால் ஆன செயற்கைக் கை அவனுக்குப் பொருத்தப்படுகிறது. அக்கையின் வழியே மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் வெளியில் மிதந்துகொண்டிருக்கும். இதைப் படித்துவிட்டு வீட்டு மின்சாரச் செருகுதுளையை ஆவலோடு உற்றுநோக்கிய சிறுவர்கள் அக்காலத்தில் பலர். அவர்களைக் காத்த தாய்மாருக்கு நன்றி!

இக்கதையில் நம் கருத்தைக் கவரவேண்டிய பகுதி வேறு. ஆற்றல் கிடைத்தவுடன் கிராண்டேல் நல்லவனாகிவிடவில்லை. முதற்கதையில் அவன் அந்த ஆற்றலால் மதிமயங்கித் தீச்செயல்களில் இறங்குகிறான். பிறகே மனந்திரும்பி, நிழற்படை என்னும் இரகசியப் பிரிவில் சேர்ந்து நாட்டுக்கு உழைக்கிறான். தமஸ்கு நகருக்குச் செல்லும் வழியில் விழுந்தெழுந்த புனித சின்னப்பரை அறிந்த நமக்கு இந்த அமைப்பு புதிதன்று.

ஆயின் அவன் உழைத்தது எந்த நாட்டுக்கு? பிரிட்டனுக்கு. சிவகாசியில் அச்சாகி, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பேருந்து நிலையத்துக் கடையில் தொங்கி, நம் பிள்ளைகளின் நெஞ்சில் இடம்பிடித்த அந்த வீரன், விடுதலை பெற்று 25 ஆண்டுகளே ஆகியிருந்த நம் நாட்டில், பழைய ஆட்சியாளரின் ஒற்றனாகவே உலவினான். இதனை ஒரு குறையாகச் சொல்ல வரவில்லை. பிள்ளைகள் நல்லவனைப் பார்த்தார்களேயொழிய அவன் கடவுச்சீட்டைப் பார்க்கவில்லை.

இலண்டனில் வெளியான 'வாலியன்ட்' என்னும் சிறுவர் வார இதழில் 1962 அக்டோபரில் இக்கதை தொடங்கிற்று. எழுதியவர் கென் புல்மர் என்னும் ஆங்கிலேயர். பல புனைபெயர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிக் குவித்தவர். பின்னர் டாம் டல்லி என்பவர் தொடர்ந்தார். வரைந்தவரோ ஆங்கிலேயரல்லர். ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனா நகரில் 1919-இல் பிறந்த ஹெசூஸ் பிளாஸ்கோ அவர். நம் ஆண்டவரின் திருப்பெயரைப் பிள்ளைக்கு இடுவது ஸ்பானியக் கத்தோலிக்கரின் வழக்கம். 'ஹெசூஸ்' என்பது 'இயேசு' என்பதன் ஸ்பானிய ஒலிப்பே. 1935-இல், 16 வயதை எட்டும் முன்னரே, கூட்டோ என்னும் சிறுவனைப் படைத்துப் புகழ்பெற்றவர். மறு ஆண்டே அவர் நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. போருக்குப் பிந்தைய வறுமையில் ஸ்பானிய ஓவியர் பலர் அயல்நாட்டு இதழ்களுக்கு வரைந்தே பிழைத்தனர். பிளாஸ்கோவும் 1950-களிலிருந்து இலண்டன் பதிப்பாளர்களுக்கு வரைந்தார். மாயாவி மறையும்போது அந்தரத்தில் நிற்கும் அந்த ஒற்றைக் கையை, அதன் விரல் மடிப்பு ஒவ்வொன்றையும், அச்சமூட்டும்படியும் அழகாகவும் வரைந்தது அவருடைய கையே.

அக்கைக்கு உரியவரின் பெயர் இதழில் வரவில்லை. அக்காலத்து ஆங்கிலச் சிறுவர் வார இதழ்களில் எழுதியவர், வரைந்தவர் பெயரை அச்சிடும் வழக்கமே பெரும்பாலும் இல்லை. ஓவியர் தம் படத்தின் மூலையில் கையெழுத்திட்டால், அலுவலகத்தில் வெள்ளை மையால் அழித்துவிடுவதும் உண்டு. பெயர் தெரிந்தால் வேறு பதிப்பாளர் அழைத்துக்கொள்வார், அல்லது ஓவியர் கூடுதல் ஊதியம் கேட்பார் என்ற அச்சமே காரணம். 1977-இல் தொடங்கப்பெற்ற '2000 ஏடி' என்னும் வார இதழ்தான் படைத்தவர்களின் பெயர்களை முறையாக அச்சிட்டு அவ்வழக்கத்தை உடைத்தது. அதற்குள் மாயாவியின் கதைகள் வாலியன்டில் முடிந்தே போயிருந்தன. பிளாஸ்கோ 1995-இல் காலமானார். கண்ணுக்குத் தெரியாத மனிதனை வரைந்தவர், தம் வாசகருக்கும் அவ்வாறே தெரியாமல் இருந்தார்.

இரகசியப் படையில் ஒளிந்து உழைத்த மாயாவியை இங்கே விட்டுவிட்டு, நாட்டுக் கொடியையே உடையாக உடுத்தி வெளிப்படையாக நின்ற ஒருவனைப் பார்ப்போம். நாட்டுப்பற்று என்பதையே தன் பெயராகக் கொண்டவன் அவன். அவனைப் படைத்தவர்கள் பட்ட பாடு இதனினும் பெரிது.

கேப்டன் அமெரிக்கா என்ற பெயரை இன்றைய பிள்ளைகள் திரைப்படம் வாயிலாக அறிவர். நட்சத்திரம் பொறித்த வட்டக் கேடயத்துடன் வரும் அவ்வீரன் பிறந்தது திரையிலன்று, மலிவுத் தாளில். 1941 மார்ச் என்று தேதியிடப்பெற்ற அவனுடைய முதல் நூல், 1940 டிசம்பர் 20 அன்றே கடைகளுக்கு வந்துவிட்டது. அதன் அட்டையில் அவன் ஹிட்லரின் தாடையில் ஓங்கிக் குத்திக்கொண்டிருந்தான்.

இன்று பார்த்தால் இதில் துணிச்சல் என்ன இருக்கிறது என்று தோன்றும். தேதியைக் கவனியுங்கள். ஜப்பானியர் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது 1941 டிசம்பர் 7. அட்டைப்படம் வெளிவந்த நாளில் அமெரிக்கா போரில் இறங்கவே இல்லை. ஐரோப்பியரின் சண்டை நமக்கெதற்கு என்று சொல்வோர் அங்கே இலட்சக்கணக்கில் இருந்தனர். ஹிட்லரைப் போற்றும் கூட்டத்தாரும் வெளிப்படையாக இயங்கினர். 1939 பிப்ரவரியில் நியூயார்க் நகரின் நடுவே, மேடிசன் சதுக்கத் தோட்ட அரங்கில், ஏறத்தாழ 20,000 பேர் அவ்வாறு கூடியிருக்கின்றனர். அந்நகரிலேயே அமர்ந்துதான் இரண்டு இளைஞர் அந்தக் குத்தை வரைந்தனர்.

ஒருவர் ஜோ சைமன். ராச்செஸ்டர் நகரத்துத் தையற்காரர் ஒருவரின் மகனாக 1913-இல் பிறந்தவர். மற்றவர் ஜாக் கிர்பி; 1917-இல் நியூயார்க்கின் ஏழைக் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த கீழ்க்கிழக்குப் பகுதியில் பிறந்தவர். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் ஜேக்கப் குர்ட்ஸ்பெர்க். ஆஸ்திரியப் பேரரசிலிருந்து பிழைக்க வந்த அவருடைய தந்தை ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். நூற்பாலைச் சங்கொலிக்கு எழுந்து, ஓடும் குடும்பங்கள் நிறைந்த இராசபாளையத்து வாசகருக்கு அவ்வீட்டின் நிலையை நான் விளக்க வேண்டியதில்லை. இருவரும் யூதர். கடலுக்கு அப்பால் தம் இனத்தாருக்கு என்ன நேர்ந்துகொண்டிருக்கிறது என்பதை அரசியல் தலைவர்கள் பலர் கேட்க விரும்பாத காலத்தில், எழுதுகோலும் தூரிகையும் உடைய இவ்விருவர் தம்மால் இயன்றதைச் செய்தனர். 10 சென்டு விலையுள்ள சிறுவர் நூலின் அட்டையில் அதனைச் சொன்னார்கள்.

அவர்கள் படைத்த வீரனின் பிறப்பும் கருதத்தக்கது. ஸ்டீவ் ராஜர்ஸ் என்னும் மெலிந்த இளைஞன் படையில் சேர விரும்புகிறான். உடல் தகுதியில்லை என்று திருப்பி அனுப்புகின்றனர். பின்னர் ஓர் அறிவியலார் கண்டுபிடித்த மருந்தால் அவன் வலிமை பெறுகிறான். வேண்டாமென்று ஒதுக்கப்பட்டவனே காவலனாக எழுகிறான். முதல் நூலில் அவன் கேடயம் முக்கோண வடிவில் இருந்தது. அதற்கு முன்பே கொடியுடை உடுத்தி வந்த வேறொரு பதிப்பகத்து வீரனின் மார்புக் கவசத்தை அது ஒத்திருப்பதாக முறையீடு வரவே, இரண்டாம் நூலிலிருந்து வட்டமாயிற்று. இன்று உலகமே அறிந்த அந்த வட்டக் கேடயம் ஒரு முறையீட்டின் பயன்!

நூல் ஏறத்தாழ பத்து இலட்சம் படிகள் விற்றதாகச் சைமன் குறித்துள்ளார். கூடவே மிரட்டல் கடிதங்களும் வந்தன. அலுவலகத்திற்கு வெளியே முரடர்கள் வந்து நின்றனர். ஊழியர் உணவுக்கு வெளியே செல்லவும் அஞ்சினர். காவலுக்குப் போலீசார் வந்தனர். நகர மேயராயிருந்த லாகார்டியா அவர்களே தொலைபேசியில் அழைத்து, நகரம் உங்களைக் காக்கும் என்று தேற்றியதாகவும் சைமன் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியுள்ளார்.

படைத்தவர்கள் படத்தோடு நின்றுவிடவில்லை. சைமன் கடலோரக் காவற்படையில் சேர்ந்தார். கிர்பி 1943-இல் தரைப்படையில் சேர்க்கப்பட்டு, 1944 ஆகஸ்டில் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கினார். படக்கதை ஓவியர் என்று அறிந்த மேலதிகாரி ஒருவர், எதிரியின் நிலைகளைக் கண்டு படம் வரைந்துகொண்டு வரும்படி அவரைப் படைக்கு முன்னே அனுப்பினார். மிக ஆபத்தான பணி. அவ்வாண்டுக் குளிர்காலத்தில் பனி அவர் கால்களைத் தின்றது. கால்களை வெட்டியெடுக்க நேருமோ என்று மருத்துவர் அஞ்சினர். கால்கள் தப்பின. ஹிட்லரை அட்டையில் அடித்தவர்களுள் ஒருவரேனும் அதற்கான விலையைத் தம் உடம்பில் கொடுத்தார்.

அவ்வாறு உழைத்த கைகளுக்குக் கிடைத்தது என்ன? சம்பளத்தோடு ஆதாயத்தில் ஒரு பங்கும் உண்டு என்பது பேச்சு. பதிப்பகத்தின் பிற செலவுகளெல்லாம் இந்நூலின் கணக்கில் எழுதப்படுவதால் ஆதாயம் ஒன்றுமில்லாமற் போகிறது என்று கணக்கர் வாயிலாகவே தெரிந்துகொண்டதாகச் சைமன் எழுதுகிறார். பத்து நூல்களோடு இருவரும் வெளியேறினர். வீரன் அவர்களோடு வரவில்லை. சம்பளத்திற்கு வரைந்தது முதலாளிக்கே சொந்தம் என்பது அத்தொழிலின் நடைமுறை.

பதிப்பாளர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. தாள் வாங்கி, அச்சுக்கூலி கொடுத்து, கடைகளுக்கு அனுப்பி, விற்காத படிகள் கட்டுக்கட்டாகத் திரும்பி வரும்போது ஏற்றுக்கொள்பவர் அவர். ஆயினும் ஒருவர் நட்டத்தைத் தாங்குகிறார் என்பதால், மற்றவரின் கைவேலை முழுவதும் தலைமுறைகளுக்கும் அவருக்கே உரியதாகிவிடுமா? திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இல் தம் சுற்றுமடலில் எழுப்பிய கேள்வியும் இதற்கு அயலானதன்று. தொழிலாளி ஒப்புக்கொண்டுவிட்டான் என்பதாலேயே கூலி நியாயமானதாகிவிடாது என்பது அவர் போதனை. அதற்கும் முன்னரே புனித யாகப்பர், அறுவடை செய்தவரின் பிடித்துவைத்த கூலி வானத்தை நோக்கிக் கூக்குரலிடுவதைப் பற்றித் தம் திருமுகத்தில் எழுதிவிட்டார்.

பின்னர் நிகழ்ந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். போருக்குப் பின் வாசகர் குறைய, வீரன் மறைந்தான். 1953-இல் கம்யூனிஸ்டுகளை நொறுக்குபவனாக அவனை மீண்டும் கொண்டுவந்து பார்த்தனர், ஓராண்டுகூட நிலைக்கவில்லை. 1964-இல் ஸ்டான் லீ எழுத, கிர்பியே வரைய, பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்தவனாக எழுந்து வந்தான், இம்முறை நிலைத்தான். 1967-இல் சைமன் உரிமை கேட்டு வழக்காடினார், 1969-இல் உடன்பாடு. மீண்டும் 1999-இல் தொடங்கி, 2003-இல் மற்றோர் உடன்பாடு. கிர்பி தாம் வரைந்த மூலப் படங்களைத் திருப்பித் தருமாறு நெடுங்காலம் போராடினார். 10,000 பக்கங்களுக்கு மேல் வரைந்தவருக்கு 1987-இல் ஏறத்தாழ 2,000 பக்கங்கள் திரும்பக் கிடைத்தன. அவர் 1994-இல் மறைந்தார். அந்நிறுவனத்தை 2009-இல் வாங்கிய டிஸ்னி நிறுவனத்தாருக்கும் கிர்பியின் பிள்ளைகளுக்கும் 2014 செப்டம்பரில் உடன்பாடு ஏற்பட்டது. தாம் வரைந்த வீரன் திரையில் நடப்பதை 2011-இல் சைமன் உயிரோடிருந்து கண்டார். அவ்வாண்டு டிசம்பரில், 98-ஆம் வயதில் காலமானார். கிர்பிக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

நாட்டுப்பற்று என்றால் ஆட்சியாளரைப் போற்றுவது என்று எண்ணுவோர் எல்லா நாட்டிலும் உண்டு. இவ்வீரனின் கதையை எழுதியவர்கள் அக்குழியில் எளிதில் விழவில்லை என்பதற்கு ஒரு சான்று. 1974-இல், வாட்டர்கேட் ஊழலால் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவி விலகிய காலத்தில், ஸ்டீவ் எங்கிள்ஹார்ட் என்னும் எழுத்தாளர் ஒரு கதை எழுதினார். நாட்டின் மிக உயர்ந்த பதவியிலேயே சதிகாரன் அமர்ந்திருப்பதைக் காணும் வீரன், மனமுடைந்து, கொடியுடையைக் களைந்து, தன் பெயரையே துறந்துவிடுகிறான். நாடு வேறு, அதை ஆள்வோர் வேறு என்பது சிறுவர் நூலில் அத்தனை தெளிவாகச் சொல்லப்பட்டது. திருத்தந்தை 2-ஆம் அருள் சின்னப்பர் 1995 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் அவையில் உரையாற்றியபோது, தன் நாட்டை நேசிப்பதையும் பிற நாட்டை இகழ்ந்து தன்னை உயர்த்திக்கொள்வதையும் வேறுபடுத்திக் காட்டினார். அவ்வுரையின் கருத்தை நம் மறைக்கல்வி வகுப்பில் விளக்க முயலும் ஆசிரியர்களுக்கு இப்படக்கதை உதவக்கூடும்.

மறைக்கல்வி என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. படக்கதைகளிடம் நம்மவர் எப்போதும் நேர்மையாக நடந்துகொண்டதில்லை. 1948 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்துப் பிங்காம்டன் நகரில், கத்தோலிக்கப் பள்ளி மாணவர்கள் வீடு வீடாகச் சென்று படக்கதை நூல்களைத் திரட்டிவந்து குவித்து எரித்தனர். நூல்களை எரித்த ஓர் ஆட்சி வீழ்ந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. தீய நூல்கள் அவற்றுள் இருந்திருக்கலாம்; ஆயினும் பிள்ளைகளின் கையில் தீப்பந்தத்தைக் கொடுத்தது நல்ல கல்வியென்று எனக்குத் தோன்றவில்லை. அதே நாட்டில் வேறுவகையான கத்தோலிக்கரும் இருந்தனர். 1946 முதல் 1972 வரை 'டிரெஷர் செஸ்ட்' என்னும் படக்கதை இதழ் கத்தோலிக்கப் பள்ளிகள்தோறும் வழங்கப்பெற்றது. பின்னர், கேப்டன் அமெரிக்காவை வெளியிட்ட மார்வெல் நிறுவனத்தாரே, 1980-இல் அசிசியார் வாழ்க்கையையும், 1982-இல் அப்போதைய திருத்தந்தையின் வாழ்க்கையையும், 1984-இல் அன்னை தெரேசாவின் வாழ்க்கையையும் படக்கதைகளாக வெளியிட்டனர். எரித்தவர்களைவிட வரைந்தவர்களே பிள்ளைகளுக்கு அதிகம் கொடுத்தனர்.

சரி, நம் நாட்டில் அத்தகைய வீரன் இல்லையா என்று வாசகர் கேட்கலாம். உண்டு. மந்திர மருந்தும் கேடயமும் இல்லாத வீரன் அவன். 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' நிறுவனத்தாரின் இந்திரஜால் காமிக்ஸ் வரிசை 1964-இல் தொடங்கியது முதல், வேதாளர், மாண்டிரேக் என்று அயல்நாட்டு வீரர்களையே வெளியிட்டு வந்தது. 1976-இல்தான் முதல் இந்திய வீரன் அவ்வரிசையில் இடம்பெற்றான்; பெயர் பகதூர். படைத்தவர் ஆபித் சுர்த்தி. வரைந்தவர் கோவிந்த் பிராமணியா. காவி நிறக் குர்த்தாவும் நீல ஜீன்ஸும் அவன் உடை.

பகதூர் ஒரு கொள்ளைக்காரனின் மகன். தந்தையைச் சுட்ட போலீஸ் அதிகாரியைப் பழிவாங்கத் துடித்தவன், தந்தையின் உண்மை வாழ்வை அறிந்து மனம் மாறுகிறான். அந்த அதிகாரியே அவனை மகனாக ஏற்கிறார். அவன் ஊர்மக்களைத் திரட்டிக் குடிமக்கள் பாதுகாப்புப் படை ஒன்றை அமைக்கிறான். 1972-இல் சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளையர் நூற்றுக்கணக்கில் ஜெயப்பிரகாஷ் நாராயணிடம் சரணடைந்ததை நாளேடுகளில் படித்திருந்த நாட்டுக்கு, இக்கதை நேற்றைய செய்தி போலவே இருந்திருக்கும். பழியைக் கைவிட்ட மகன், எதிரியின் மகனை மகனாக்கிக்கொண்ட தந்தை! பகதூரின் வலிமை இங்கேதான் இருந்தது. இந்திரஜால் வரிசை 1990-இல் நின்றுபோயிற்று.

ஆபித் சுர்த்தி 1935-இல் குஜராத்தில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, மும்பையின் டோங்கிரிப் பகுதியில் வறுமையில் வளர்ந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது அயல்நாட்டுப் படைவீரர்களை ஏற்றிச் செல்லும் இரயில்களின் பின்னே, அவர்கள் எறியும் மிட்டாய்க்காகச் சிறுவர்கள் ஓடுவார்களாம். ஒருநாள் ஒரு வீரன் படக்கதை நூலொன்றை எறிந்தான். சிறுவர்கள் பாய்ந்து பிடுங்கியதில் அது கிழிந்தது. ஆபித்தின் கையில் அகப்பட்டது ஒரு தாள் மட்டும். அதிலிருந்த மிக்கி எலியைப் பார்த்துப் பார்த்து வரைந்தே ஓவியம் கற்றதாக அவர் சொல்லியிருக்கிறார். பின்னர் ஓவியர், கேலிச்சித்திரக்காரர், நாவலாசிரியர் என்று பலவாறு விளங்கினார். 1993-இல் சிறுகதைத் தொகுப்புக்காகத் தேசிய விருதும் பெற்றார்.

அவருடைய இளமை நினைவுகளுள் மற்றொன்று, அதிகாலை 4 மணிக்கு ஒரு வாளித் தண்ணீருக்காகத் தாய் வரிசையில் நின்றது. மழை பொய்த்த ஆண்டில் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தின் மட்டத்தை அன்றாடம் விசாரிக்கும் இராசபாளையத்தாருக்கும், குடங்களை வரிசையில் வைத்துவிட்டுத் திருப்பலிக்கு ஓடிவந்த நம் தாய்மாருக்கும் அந்த வரிசை நன்கு தெரிந்ததே. முதுமையில் ஒருநாள் நண்பர் வீட்டில் குழாய் ஒழுகிக்கொண்டிருந்ததை அவர் கண்டார். சிறு வேலை என்பதால் குழாய்க்காரர் எவரும் வருவதில்லை என்றார் நண்பர். இத்தகைய ஒழுகும் குழாய் எத்தனை வீட்டில் இருக்கும் என்று ஆபித் எண்ணத் தொடங்கினார்.

2007-இல், 72-ஆம் வயதில், உத்தரப் பிரதேச இந்தி இலக்கிய நிறுவனம் அவருக்கு ஓர் இலட்சம் ரூபாய் பரிசளித்தது. அப்பணத்தைக் கொண்டு அவர் ஒரு வேலையைத் தொடங்கினார். மும்பைக்கு வடக்கே மீரா ரோடு பகுதியில், ஞாயிறுதோறும், ஒரு குழாய்க்காரரையும் ஒரு பெண் தொண்டரையும் உடன் அழைத்துக்கொண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றுக்குச் செல்வார். வீடு வீடாகக் கதவைத் தட்டி, உங்கள் வீட்டில் குழாய் ஏதேனும் ஒழுகுகிறதா என்று கேட்பார். ஒழுகினால், தேய்ந்துபோன வாஷரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டுவார்கள். கூலி வாங்குவதில்லை. கதவைத் திறந்தவர்களுள் எத்தனை பேர், தம் சிறுவயதில் வாசித்த பகதூரைப் படைத்தவரே வாசலில் நிற்கிறார் என்று அறிந்திருப்பர்?